கைவிடச் சொல்ல இவர் யார்?

சென்ற மாத இதழில் கணையப் புற்றுநோய் பற்றி வெளியான கட்டுரையை எங்கள் சேலம் மாவட்டப் பனமரத்துப்பட்டிப் பக்கம் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். படித்ததோடு விடவில்லை. பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து, நோயாளி இருக்கும் வீடுகளுக்கு அனுப்பியும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த எதிர்வினையை எழுத வேண்டியதாயிற்று.

கட்டுரையாளர் சொல்வதன் சாரம் இது. கணையத்தில் வந்த கட்டி பக்கத்து ரத்தக்குழாயைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. அதற்கு மேல் கீமோ, கரண்ட், ஆபரேஷன் என்று அலைவது நோயாளியைச் சித்திரவதை செய்வது, குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துவது. ஆகவே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் வீட்டில் வைத்து நாட்டு மருந்து கொடுங்கள், நிம்மதியாகப் போகட்டும்.

இவ்வளவு பெரிய தீர்ப்பைச் சொன்னவர் அதற்கு என்ன ஆதாரம் காட்டினார்? எந்த ரத்தக்குழாய், எவ்வளவு தூரம் பிடித்திருக்கிறது என்ற கேள்வி கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. எந்த மருந்து, எந்த ஆண்டில் நடந்த ஆய்வு என்ற தெளிவும் இல்லை. நாலு செவிவழிக் கதைகளும், ஆறு மாதம் என்ற ஒரு கணக்கும், இறந்துபோன பிரபலங்களின் பெயர்களும் மட்டுமே இருக்கின்றன. பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தின் கையில் இந்த எழுத்து போய்ச் சேர்ந்தால், ஒரு மனிதர் வாழக்கூடிய வருடங்களை அது பறித்துவிடும். எனவே அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

ரத்தக்குழாயைப் பிடித்துவிட்டால் உடம்பெல்லாம் பரவிவிட்டதாகவே அர்த்தம் என்கிறார். தவறு, அடிப்படையிலேயே தவறு. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் படுத்திருக்கும், சாணுக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள உறுப்பு. அதை ஒட்டித்தான் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையும் ஓடுகின்றன. கட்டி இவற்றைத் தொடவில்லை என்றால் நேராக அறுவைக்குப் போக வாய்ப்பு உண்டு. குடல் தமனியின் சுற்றளவில் பாதி வரை, அதாவது 180 டிகிரி வரை தொட்டிருந்தால் அதை எல்லைக்கோட்டு நிலை என்று வைக்கிறார்கள். பாதிக்கு மேல் சுற்றிவிட்டால் அது மூன்றாம் நிலை: நோய் அந்த இடத்தில் முன்னேறியிருக்கிறது, ஆனால் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ வயிற்றுச் சவ்வுக்கோ போகவில்லை. அங்கெல்லாம் போன பிறகுதான் நான்காம் நிலை. மூன்றையும் நான்கையும் ஒன்றாகக் கட்டித் தூக்கியெறிந்துவிட்டு, அதன்மேல் முழுக் கட்டுரையையும் எழுதியிருக்கிறார்.

எங்கள் ஏரிப் பக்கம் மண்ணுக்குள் போகும் தண்ணீர்க் குழாயைச் சீமைக் கருவேல வேர் சுற்றிக்கொள்வது உண்டு. வேரைப் பிடித்து இழுத்தால் குழாய் உடையும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் மரத்தை வெட்டி, வேரைக் காயவிட்டு, பிடி தளர்ந்த பிறகு பக்குவமாகப் பிரித்தெடுப்பார்கள். மூன்றாம் நிலைக் கணையப் புற்றில் இன்று பின்பற்றும் வரிசை இதுதான். முதலில் சில மாதம் கீமோ. பிறகு மறுபடி ஸ்கேன். தேவைப்பட்டவர்களுக்குக் கதிரியக்கம். பிடி தளர்ந்தவர்களுக்கு அறுவை. யாருக்குத் தளரும் என்பது ஆரம்பத்தில் எவருக்கும் தெரியாது, முதல் சில மாதச் சிகிச்சைக்குப் பிறகுதான் தெரியும். அந்தச் சில மாதங்களைக் கொடுக்காமலேயே கைவிடச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் குற்றம்.

எந்தச் சிகிச்சை செய்தாலும் ஆறு மாதம்தான் என்ற கணக்குக்கு வருவோம். அந்தக் கணக்கு பழைய காலத்தது, அதுவும் நான்காம் நிலைக்கு உரியது. 2011-இல் பிரெஞ்சு மருத்துவர் தியரி கான்ராயின் குழு 342 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. எல்லோருக்கும் நோய் வேறு உறுப்புக்குப் பரவியிருந்தது. ஜெம்சிடபின் என்ற பழைய மருந்து மட்டும் வாங்கியவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 6.8 மாதம். ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற நான்கு மருந்துக் கூட்டு வாங்கியவர்களுக்கு 11.1 மாதம். கட்டுரையாளர் முதல் எண்ணை எடுத்துக்கொண்டார். அதே ஆய்வின் இரண்டாவது எண்ணை அவர் பார்க்கவே இல்லையா, பார்த்தும் விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் அவருக்கு இந்தப் பொருளில் எழுதத் தகுதியில்லை.

மூன்றாம் நிலைக்கு உரிய கணக்கு வேறு. 2016-இல் லான்செட் ஆங்காலஜி இதழ், ஃபோல்ஃபிரினாக்ஸ் வாங்கிய மூன்றாம் நிலை நோயாளிகள் 315 பேரின் விவரங்களை 11 ஆய்வுகளிலிருந்து ஒன்றுதிரட்டி வெளியிட்டது. இடைநிலை ஆயுள் 24.2 மாதம். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கட்டியை அறுத்தெடுக்க முடிந்தது. அறுக்கவே முடியாது என்று ஆரம்பத்தில் எழுதப்பட்டவர்கள் அவர்கள். நான்கில் மூன்று பேருக்கு முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே தெரியாதபோது, நான்கு பேரையும் வீட்டுக்கு அனுப்பு என்று சொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நேரடியானது. 49 பேர், எல்லோரும் மூன்றாம் நிலை. ஃபோல்ஃபிரினாக்ஸ் கீமோவோடு, நம் ஊரில் பிரஷருக்குக் கொடுக்கும் லோசார்டன் மாத்திரையையும் கொடுத்தார்கள். அதன்பின் கீமோ மாத்திரையுடன் கதிரியக்கம். அதன்பின் அறுவை. மொத்தப் பேரில் ஐந்தில் மூவருக்கும் அதிகமானோருக்கு, வெட்டிய ஓரத்தில் புற்றுத் திசு இல்லாமல் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது. இடைநிலை ஆயுள் 31.4 மாதம். இது ஒப்பிடுவதற்கு இன்னொரு பிரிவு இல்லாத சிறிய ஆய்வு. பெரிய கைதேர்ந்த மருத்துவமனையில் நடந்தது. லோசார்டனின் பங்கு என்ன என்பது இதை மட்டும் வைத்து முடிவாகாது, அதைத் தானாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது. அந்த எச்சரிக்கை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே கேட்கிறேன்: 'ஒன்றுமே முடியாது' என்ற வாக்கியம் இதற்குப் பிறகும் நிற்குமா?

அடுத்தது கதிரியக்கம். கரண்ட் வைத்தால் பயனில்லை என்று ஆய்வே நிரூபித்துவிட்டது என்கிறார். ஆய்வின் பெயரைச் சொல்லவில்லை. அவர் மனதில் இருப்பது 2016-இல் வெளிவந்த எல்.ஏ.பி.07 ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். நான்கு மாதம் ஜெம்சிடபின் கொடுத்து, நோய் கட்டுக்குள் நின்ற 269 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கீமோவே தொடர்ந்தது, மறு பிரிவுக்குக் கதிரியக்கமும் கேபசிடபின் மாத்திரையும். ஆயுளில் வித்தியாசம் இல்லை: கீமோ தொடர்ந்தவர்களுக்கு 16.5 மாதம், கதிரியக்கம் பெற்றவர்களுக்கு 15.2 மாதம். இது உண்மை. இதை மறைக்கும் மருத்துவர் யாராவது இருந்தால் அவரையும் இதே போல் கேள்வி கேட்க வேண்டும்.

ஆனால் அதே ஆய்வு சொன்ன மீதியைக் கட்டுரையாளர் ஏன் விழுங்கினார்? நோய் அந்த இடத்திலேயே மறுபடி வளர்ந்தது கீமோ பிரிவில் 46 சதவீதம், கதிரியக்கப் பிரிவில் 32 சதவீதம். கணையத்துக்குப் பின்னால் இருப்பது நரம்புப் பின்னல். அந்த இடத்தில் கட்டி வளர்வதும் வளராமல் நிற்பதும் முதுகுவலியால் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றல்ல. அடுத்த கீமோ தேவைப்படும்வரை ஊசியில்லாமல் இருந்த காலமும் கதிரியக்கப் பிரிவில் கூடுதல். மேலும் அது ஜெம்சிடபின் காலத்து ஆய்வு, அதில் அறுவைக்குப் போனவர்களே மிகச் சிலர். ஜெர்மனியில் நடந்த கான்கோ-007 ஆய்விலும் மொத்த ஆயுளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் கதிரியக்கம் சேர்த்தபோது கட்டியை ஓரம் சுத்தமாக எடுக்க முடிந்தவர்கள் அதிகமானார்கள். நோய் இன்னும் முன்கட்டத்தில், அறுவைக்கு எட்டும் நிலையிலோ எல்லைக்கோட்டிலோ இருந்தவர்களிடம் நெதர்லாந்தில் நடந்த பிரியோபாங்க் ஆய்வில், முதலில் கீமோவும் கதிரியக்கமும் பெற்று அறுவைக்குப் போனவர்களில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் 20.5 சதவீதம். நேராக அறுவைக்குப் போனவர்களில் 6.5 சதவீதம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கும் ஒருவர் வரவேண்டிய முடிவு இது: கதிரியக்கம் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிய சிகிச்சை அல்ல, யாருக்கு எப்போது என்று தேர்ந்து கொடுக்க வேண்டியது. தேர்ந்தெடுக்க வேண்டியதைத் தூக்கியெறியச் சொல்கிறவர் ஆய்வைப் படிக்கவில்லை. தனக்கு வேண்டிய ஒரு வரியை அதிலிருந்து கிழித்தெடுத்திருக்கிறார்.

கீமோவைச் சித்திரவதை என்று எழுதுகிறவர் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவராகத் தெரியவில்லை. நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பெரியப்பா அரளித் தோட்டக்காரர். பொழுது விடியுமுன் மொட்டுப் பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போடுகிறவர். அவருக்கு நோய் மூன்றாம் நிலையில் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ. ஆஸ்பத்திரியில் பாதி நாள் ஏறும், மீதி மருந்தை 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றும் சின்ன பம்பை ஒரு பையில் போட்டு இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்த போர்ட்டிலிருந்து மெல்லிய குழாய் அந்தப் பைக்கு வரும். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தின் குணம், குளிர்ச்சி பட்டால் விரல் நுனியெல்லாம் முள் குத்துவது போல் சுருக்கென்னும். பெரியம்மா அவருக்குத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கித்தான் கொடுப்பார், எவர்சில்வர் டம்ளரைத் துணி சுற்றித்தான் நீட்டுவார். மூன்றாம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் வரை சோர்வு. ஆனால் பை இடுப்பில் இருக்கும் அந்த முதல் நாட்களிலேயே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் மடை திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தோட்டத்துக்குப் போய்விடுவார். “ஏனுங்க, இந்தப் பையோட எதுக்குங்க போறீங்க?” என்று பெரியம்மா கேட்டால், “பை பாட்டுக்கு இருக்குது, தண்ணி பாட்டுக்குப் போயிருச்சுன்னா என்ன பண்றது?” என்பார்.

அதில் கஷ்டம் இருந்தது. வெள்ளையணு குறைந்து ஒரு சுற்றுத் தள்ளிப்போனது. கதிரியக்கத்துக்கு வயிற்றில் மையால் போட்ட அடையாளம் அழிந்துவிடக் கூடாது என்று வாரக்கணக்கில் அரைகுறைக் குளியல். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போய், ஆடாமல் அசையாமல் சில நிமிடம் படுத்து எழுந்து வர வேண்டும். பிறகு பெரிய அறுவை. இவ்வளவும் பட்டு அவர் வாழ்ந்தது சில ஆண்டுகள்தான், நோய் கல்லீரலில் திரும்ப வந்து இறந்தார். அந்த ஆண்டுகளில் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்தார், கிணற்றுக்குப் புது மோட்டார் இறக்கினார், கடைசிப் பெண்ணின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இது வீண் என்று எழுத ஒருவருக்குக் கை எப்படி வருகிறது?

கத்தி பட்டால் புற்று பரவும், மேசையிலேயே ஆள் போய்விடுவார் என்று அடுத்துப் பயமுறுத்துகிறார். முதல் பாதி தலைமுறை தலைமுறையாக வரும் மூடநம்பிக்கை. வயிற்றைத் திறந்து பார்த்து, ஏற்கெனவே பரவியிருப்பது தெரிந்து மூடிய காலத்தில், அறுவைதான் பரப்பியது என்று மக்கள் நினைத்துக்கொண்டார்கள். இன்று பெரிய வெட்டுக்கு முன்பே நல்ல ஸ்கேனும், சந்தேகம் இருந்தால் சின்னத் துளை வழியே கேமரா விட்டுப் பார்ப்பதும் அதற்காகத்தான். இரண்டாம் பாதியில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பாகம், பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்து மீதியைக் குடலோடு இணைக்கும் விப்பிள் அறுவை மிகப் பெரியது. 1935-இல் ஆலன் விப்பிள் அதைப் பற்றி எழுதிய பிறகும் பல பத்தாண்டுகள் அதில் பலர் இறந்தார்கள்.

இன்றைய நிலை எங்கே செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2002-இல் பிர்க்மேயர் குழு அமெரிக்க மருத்துவமனைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது. எப்போதோ ஒன்று என்று கணைய அறுவை செய்யும் இடங்களில் இறப்பு 16.3 சதவீதம். அடிக்கடி செய்யும் இடங்களில் 3.8 சதவீதம். ஆகவே நியாயமாகச் செய்ய வேண்டிய எச்சரிக்கை, வருடத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள் என்பதுதான். நம் பக்கத்திலேயே அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையில் டாக்டர் சி. பழனிவேலுவின் குழு, இதே அறுவையைத் துளை வழியே செய்வதையும் வயிற்றைத் திறந்து செய்வதையும் 64 பேரிடம் ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வு சர்வதேச மருத்துவ இதழில் வந்தது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா நினைவு மருத்துவமனை எல்லாம் இந்த அறுவையில் பெயர் பெற்றவை. இவற்றில் ஒன்றின் பெயரைக்கூடச் சொல்லாமல், சேலம் மாவட்டத்து வாசகரிடம் மேசையில் ஆள் போய்விடுவார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அநியாயம்.

கீமோவுக்குப் பிறகும் ஸ்கேனில் கட்டி அப்படியே இருந்தால் அதுவே தோல்விக்குச் சாட்சி என்றும் எழுதியிருக்கிறார். இதுவும் அரைகுறை அறிவு. ஃபோல்ஃபிரினாக்ஸும் கதிரியக்கமும் முடிந்தபின் ரத்தக்குழாயைச் சுற்றித் தெரிவது உயிருள்ள புற்றா, செத்த புற்றின் தழும்பா என்று ஸ்கேன் பிரித்துச் சொல்வது கடினம். மாசசூசெட்ஸ் மருத்துவர்கள் 2015-இல் இதைத்தான் காட்டினார்கள்: படத்தில் அறுக்க முடியாது என்று தெரிந்த பலரிடம் திறந்தபோது கட்டியைச் சுத்தமாக எடுக்க முடிந்தது. அதனால்தான் சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை எவ்வளவு இறங்கியது, ஆள் எப்படி இருக்கிறார், எடை ஏறியதா என்பதையெல்லாம் சேர்த்து, அறுவை மருத்துவரும் கீமோ மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்கிறோம்.

கோடீஸ்வரர்களையும் முதலமைச்சர்களையுமே காப்பாற்ற முடியவில்லை என்பது அவருக்குப் பிடித்த வாதம். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்தது கணையத்தில் தோன்றும் வேறு வகை, மெதுவாக வளரும் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டி. 2003-இல் தெரிந்தும், உணவுமுறை அது இது என்று மாற்று வழிகளில் ஒன்பது மாதம் கழித்து 2004-இல்தான் அறுவைக்குச் சம்மதித்தார், அதன்பின் ஏழு ஆண்டு வாழ்ந்தார். கட்டுரையாளர் சொல்லும் நாட்டு வழிக்கு இது ஆதரவா, எதிர்ப்பா? கோவா முதல்வர் மனோகர் பாரிக்கர் 2019 மார்ச் 17 அன்று இறந்தார், உண்மைதான். அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, மூக்கில் குழாயோடு சட்டமன்றத்துக்கு வந்து அவரே பட்ஜெட் வாசித்தார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2009-இல் கணையப் புற்றுக்கு அறுவை செய்துகொண்டு, பதினோரு ஆண்டு நீதிபதி நாற்காலியிலேயே இருந்தார். அவருக்கு நோய் ஆரம்பத்திலேயே தெரிந்தது. சீக்கிரம் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் இது சொல்கிறது, அதையும் கட்டுரையாளர் சொல்லவில்லை.

இது பணக்காரர் நோய், நம் கிராமத்துக்காரர்களுக்கு எங்கே வரப்போகிறது என்ற வரிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஏழைகளிடம் நெடுங்காலமாகக் காணப்படும் கணையக் கல் நோய் இருக்கிறது. சிறுவயதிலேயே வயிற்றுவலி, இளவயதிலேயே சர்க்கரை, கணையத்துக்குள் சுண்ணாம்புக் கல். அப்படிப்பட்டவர்களுக்குக் கணையப் புற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிட நூறு மடங்கு அளவில் இருந்ததாக, சென்னை டாக்டர் வி. மோகன் உள்ளிட்டோர் 1994-இல் எழுதினார்கள். பீடியும் சிகரெட்டும் தெரிந்த காரணங்கள். ஐம்பது தாண்டியவருக்குத் திடீரென்று சர்க்கரை வந்து, கூடவே எடையும் இறங்கினால் கணையத்தைப் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் சொல்ல வேண்டிய இடத்தில் பணக்காரர் நோய் என்று எழுதினால், காட்டு வேலை செய்யும் மனிதர் தன் முதுகுவலியை வேலைக் களைப்பு என்று விட்டுவிடுவார்.

நிலத்தை விற்று வைத்தியம் பார்த்து நாசமான குடும்பங்கள் உண்டு என்கிறார். உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு வழி நோயாளியைக் கைவிடுவதா? வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கீமோவும் கதிரியக்கமும் பெரிய அறுவைகளும் அந்தத் திட்டத்துக்குள் வருகின்றன. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் அட்டைக்குப் பதிந்துகொள்ளலாம். ஃபோல்ஃபிரினாக்ஸில் உள்ள மருந்துகள் எல்லாம் காப்புரிமை முடிந்தவை, இந்திய நிறுவனங்களே தயாரிப்பவை. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். இத்தனை நீளக் கட்டுரையில் காப்பீட்டு அட்டைக்கு ஒரு வரி இடம் இல்லை. ஏழைக்காக அழுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஏழைக்கு உள்ள ஒரே வழியைச் சொல்லாமல் விட்டவரின் கண்ணீரை நான் நம்பத் தயாராயில்லை.

நாட்டு மருந்துக்கு வருவோம், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் அதிகம். கணையத் தலையில் வரும் கட்டி பித்தக் குழாயை அடைத்துக் காமாலையாக வெளிப்படும். காய்ச்சல் இல்லாத மஞ்சள், எண்ணெய்நிற மூத்திரம், வெளுத்த மலம், உடம்பெல்லாம் அரிப்பு. நம் பக்கம் காமாலை என்றதும் கீழாநெல்லி, மந்திரிப்பு, சூடு என்று வாரங்கள் கரையும். அடைத்த குழாயை எந்த இலையும் திறக்காது. ஸ்டென்ட் என்ற சிறு குழாயை உள்ளே வைத்தாலோ அறுவை செய்தாலோதான் திறக்கும். அந்த வாரங்களில்தான் பலருக்கு நோய் அறுவைக்கு எட்டும் நிலையைத் தாண்டிப் போகிறது.

மாற்று வழியைச் சோதித்துப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. என்ஸைம் மாத்திரை, பழச்சாறு, காபி எனிமா என்ற கொன்சாலெஸ் முறையை நியூயார்க்கில் கணையப் புற்று நோயாளிகளிடம் கீமோவோடு ஒப்பிட்டார்கள். 55 பேர், அவரவர் விருப்பப்படி தேர்ந்தெடுத்தார்கள். 2010-இல் வந்த முடிவு: கீமோ எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 14 மாதம், மாற்று முறை எடுத்தவர்களுக்கு 4.3 மாதம். ஆயுள் குறைந்தது மட்டுமல்ல, வாழ்ந்த நாட்களின் தரமும் மாற்று முறைக்காரர்களுக்கே மோசமாக இருந்தது. நிம்மதியாகப் போகட்டும் என்கிறாரே, அந்த நிம்மதியின் கணக்கு இது.

வீட்டில் நிம்மதி என்ற சொல்லை அவ்வளவு எளிதாக எழுத முடிகிறவர் கணையப் புற்றின் வலியைப் பார்த்ததில்லை. மல்லாக்கப் படுக்க முடியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தே இரவைக் கழிக்க வேண்டும். அந்த வலிக்கு மார்ஃபின் வேண்டும், நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலியைத் தணிக்கும் சிகிச்சை வேண்டும், சாப்பிட்டது செரிக்க என்ஸைம் மாத்திரை வேண்டும், அரிப்பு நிற்க ஸ்டென்ட் வேண்டும். இவை எல்லாம் மருத்துவர் கையில் இருப்பவை. வயதும் உடல்நிலையும் இடம்கொடுக்காதவர், கீமோ வேண்டாம் என்று தெளிந்து சொல்பவர், நோய் மீறிப் போனவர் எல்லோருக்கும் இந்த வலிநிவாரண மருத்துவம் உரியது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதே என்பவர், நோயாளியிடமிருந்து கீமோவை மட்டுமல்ல, மார்ஃபினையும் சேர்த்துப் பறிக்கிறார்.

சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுக்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. உண்மையைத் தெரிந்துகொண்டு அவர் வேண்டாம் என்றால் அதற்குத் தலைவணங்க வேண்டும். பாதி ஆய்வையும் பழைய கணக்கையும் கதைகளையும் காட்டி அந்த முடிவை அவர் வாயில் திணிப்பது வேறு. கட்டுரையாளர் செய்தது இரண்டாவது.

அந்தக் கட்டுரைப் பக்கத்தின் படம் செல்போனில் வந்து சேர்ந்த வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். ரிப்போர்ட்டில் ரத்தக்குழாயைப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தால், கணையத்துக்கென்றே எடுக்கும் சி.டி. ஸ்கேனோடு, கணைய அறுவை அடிக்கடி செய்யும் மருத்துவமனைக்குப் போங்கள். எந்தக் குழாய், எத்தனை டிகிரி, வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் கீமோ கொடுத்து மறுபடி பார்க்க முடியுமா, எங்கள் ஆளுக்குக் கதிரியக்கத்தால் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். வலிக்கு இன்றே என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். பதில்கள் நல்லதாக இல்லாமல் போகலாம். ஆனால் அவை உங்கள் நோயாளியின் படத்தைப் பார்த்துச் சொன்ன பதில்களாக இருக்கும்.

கட்டுரையாளருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கட்டுரையில் உள்ள ஆறு மாதக் கணக்கும், கத்தி பரப்பும் என்ற வரியும், ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்ற அறிவுரையும் தவறு. இதே இதழில், அதே அளவு எழுத்தில், அவற்றைத் திரும்பப் பெறுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு ஸ்கேனை அலமாரியில் வைத்துவிட்டவர்கள், நாள் கடப்பதற்குள் அதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.